‘அதையும் மாத்தணும் சார்’: ஒர்க்‌ஷாப் சொல்லும் குறை நிஜமா என்று சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஆயில் மாற்றத்தான் காரை விட்டிருப்போம். மதியம் போன் வரும். “சார், முன்னாடி பிரேக் பேட் முடிஞ்சுபோச்சு. ஷாக் லீக் ஆகுது. புஷ் எல்லாம் வெடிச்சிருக்கு. பேட்டரியும் வீக். வண்டி லிஃப்ட்லதான் இருக்கு, சேர்த்தே முடிச்சிரலாமா?” காலையில் நன்றாக ஓடிய வண்டிக்கு இரண்டு மணி நேரத்தில் இத்தனை குறையா என்று சந்தேகம் வரும். வேண்டாம் என்று சொல்லி நாளைக்கு பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே வரும்.

இந்த இடத்தில் பலர் பயந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் ‘எல்லாம் காசு பிடுங்கும் வேலை’ என்று ஒன்றும் செய்யாமல் வண்டியை எடுத்து வந்துவிடுகிறார்கள். முன்னவர்களுக்குப் போவது பணம். பின்னவர்களுக்கு உயிரே போகலாம். இரண்டு பேரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான்: அளவு எவ்வளவு, வரம்பு எவ்வளவு? காரில் தேயும் பாகங்களில் முக்கியமானவற்றுக்கெல்லாம் அளந்து பார்க்கக்கூடிய எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்கப் பழகுவதுதான் இந்த வழிகாட்டியின் சாரம்.

சந்தேகம் எங்கிருந்து வருகிறது

குறையைக் கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்து காசும் வாங்குகிறார். நமக்கோ வேலை முடிந்த பிறகுகூட அது தேவைப்பட்டதா என்று தெரியாது. டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1973-லேயே இந்தச் சிக்கலை விளக்கி எழுதியிருக்கிறார்கள். இது வெறும் கற்பனை பயமும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அரசு அதிகாரிகள் சாதாரண வாடிக்கையாளர் போல கார்களைக் கொண்டுபோய் ரகசியமாகச் சோதித்தார்கள். அதை வைத்து, சியர்ஸ் நிறுவனத்தின் கார் சர்வீஸ் மையங்கள் தேவையில்லாத வேலைகளை விற்றதாக 1992-இல் குற்றம் சாட்டினார்கள். எவ்வளவு விற்கிறாரோ அதற்கேற்ப சர்வீஸ் அட்வைசருக்குக் கமிஷன் என்ற முறைதான் அங்கே வேர். அந்த முறை தவறுகளுக்கு இடம் கொடுத்துவிட்டது என்று நிறுவனத் தலைவரே ஒப்புக்கொண்டு, அட்வைசர்களுக்கான கமிஷனை நிறுத்தினார்.

ஆனால் நடைமுறையில் அப்பட்டமான பொய்யைவிட ‘முன்கூட்டியே மாற்றிவிடலாம்’ என்பதுதான் அதிகம். இன்னும் ஒரு வருடம் ஓடக்கூடிய பாகத்தை இன்றைக்கே மாற்றச் சொல்வார்கள். இதில் பாதி வியாபாரம் என்றால், பாதி பயமும் இருக்கிறது. சொல்லாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் பழி மெக்கானிக் தலையில்தானே விழும்?

முதல் படி: வண்டியை விடுவதற்கு முன்பே

காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலை எடுத்து சர்வீஸ் அட்டவணையைப் பாருங்கள். பல மேனுவல்களில் இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு. இன்னொன்று தூசி, கடும் நெரிசல், அடிக்கடி குறுகிய தூரம் போன்ற கடினமான ஓட்டத்துக்கு. சில இடங்களில் எல்லோருக்கும் கடின அட்டவணையையே நீட்டுவார்கள். உங்கள் ஓட்டம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். நேர்மையாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் போனை எடுத்து சில படங்கள்: ஓடோமீட்டர், நான்கு டயர்களின் பட்டன் (தரையில் படும் மேடுபள்ளமான பகுதி), ஆயில் டிப்ஸ்டிக், கூலண்ட் டேங்க்கின் அளவு, பேட்டரி மேல் உள்ள ஸ்டிக்கர், முடிந்தால் ஏர் ஃபில்டர். வேறு ஏதோ காரின் அழுக்கு ஃபில்டரைக் காட்டி ‘இது உங்களுடையது’ என்று சொல்ல அப்புறம் வழியே இல்லை.

இரண்டாம் படி: ஜாப் கார்டில் எழுதி வாங்குவது

வாயால் சொன்னது நிற்காது. வண்டியை விடும்போது ஒர்க்‌ஷாப்பில் எழுதும் வேலைச் சீட்டுதான் ஜாப் கார்டு. அதில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்:

- என்ன வேலைக்காக விடுகிறீர்கள் என்பது துல்லியமாக. ‘சத்தம் வருது’ என்று எழுதினால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ‘வேகத்தடையில் ஏறும்போது முன்பக்க இடது பக்கம் டக் என்று சத்தம்’ என்று எழுதினால் அந்தச் சத்தம் போனதா இல்லையா என்பதுதான் கணக்கு.
- போனில் ஒப்புதல் கேட்காமல் எஸ்டிமேட்டுக்கு மேல் எந்த வேலையும் செய்யக்கூடாது.
- கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும்.

மூன்றாவதை முன்கூட்டியே சொல்வது முக்கியம். பில் போட்ட பிறகு கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்பார்கள். வாரண்டியில் மாற்றிய பாகங்களும், பழையதைக் கொடுத்து வாங்கும் ஆல்டர்னேட்டர் போன்றவையும் கம்பெனிக்குத் திரும்பப் போகும். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவற்றையும் எடுத்துப் போகும் முன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: போன் வரும்போது

அங்கே உடனே ‘சரி’யும் வேண்டாம், ‘வேண்டாம்’ என்பதும் வேண்டாம். இப்படிப் போகட்டும் பேச்சு:

“பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?”

“எழுபது பர்சென்ட் போயிருச்சு சார்.”

“பர்சென்ட் வேணாம்ங்க, மில்லிமீட்டர் சொல்லுங்க. உள்பக்க பேட் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு? கம்பெனி வரம்பு எவ்வளவு? அளவுகோலோட ஒரு போட்டோ அனுப்பிடுங்க. இப்ப மாத்தலைன்னா எத்தனை கிலோமீட்டர் ஓடும்?”

கோபமோ கிண்டலோ தேவையில்லை. உண்மையிலேயே அளந்து பார்த்தவர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். நல்ல மெக்கானிக்குக்கு இப்படிக் கேட்பவரைப் பிடிக்கவும் செய்யும். அளக்காமல் பட்டியல் போட்டவர் ‘அனுபவத்தில் சொல்றோம் சார்’ என்பார். அனுபவத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அனுபவசாலியிடமும் அளவுகோல் இருக்கும்.

நான்காம் படி: ஒவ்வொரு குறையையும் அதன் எண்ணோடு பார்ப்பது

பிரேக்கில் இருந்து ஆரம்பிக்கலாம். அதிகம் விற்கப்படுவதும் அதுதான், அலட்சியம் கூடாததும் அதுதான். புது பிரேக் பேடில் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேயும் பகுதி மட்டும் ஏறக்குறைய 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வாக்கில் வந்தால் மாற்றவேண்டிய நேரம். துல்லியமான வரம்பு ஒவ்வொரு காருக்கும் வேறு. சர்வீஸ் குறிப்பில் இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். 11 மி.மீ.-இல் தொடங்கிய பேட் 40,000 கி.மீ. ஓடி 6 மி.மீ.-க்கு வந்திருக்கிறது. அதாவது 8,000 கிலோமீட்டருக்கு 1 மி.மீ. இன்னும் 3 மி.மீ. தேய 24,000 கி.மீ. ஆகும். இந்த பேடை இன்றைக்கே மாற்றச் சொன்னால் ‘அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

அதே சமயம், சக்கரத்தின் இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு ‘பேட் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சண்டைக்குப் போகவேண்டாம். வெளியே தெரிவது வெளிப்பக்க பேட். பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம் காலிப்பர். அது நகர உதவும் ஊசி (‘பின்’) துருப்பிடித்து இறுகிப்போனால் உள்பக்க பேட் மட்டும் வேகமாகத் தேயும். வெளியே 7 மி.மீ. இருக்க, உள்ளே இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்த கார்கள் உண்டு. அதனால்தான் இரண்டு அளவையும் கேட்கச் சொன்னேன்.

பிரேக் டிஸ்க்கிற்கும் குறைந்தபட்ச தடிமன் உண்டு. பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டரில் அளந்து அந்த எண்ணோடு ஒப்பிடவேண்டும். டிஸ்க்கின் ஓரத்தில் துரு விளிம்பு இருப்பதை மட்டும் காட்டி ‘டிஸ்க் போச்சு’ என்றால் அது போதாது. வெர்னியரை அந்த விளிம்பின் மேலேயே வைத்து அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும், அதுவும் தவறு.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஆகவே காலக்கெடு வந்துவிட்டது என்று சொன்னால் அது நியாயம். ‘கறுத்துப்போச்சு’ என்று மட்டும் சொன்னால், ஈரம் காட்டும் டெஸ்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் ‘லீக்’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அது சாதாரணம். உள்ளே தண்டு ஏறி இறங்கும்போது கொஞ்சம் எண்ணெய் படிவது இயல்பு. எண்ணெய் கோடாக வழிந்து கீழ்க் கிண்ணம் வரை ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டி மறுபடி பார்ப்பதே சரியான சோதனை. இஞ்சின் ஆயில் லீக்குக்கும் இதே வழிதான். கசிந்து தூசி படிந்திருப்பது வேறு, சொட்டுவது வேறு. இரவு இஞ்சினுக்குக் கீழே ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் தெளிந்த தண்ணீர் மட்டும் இருந்தால் அது ஏசி தண்ணீர்.

சஸ்பென்ஷன் புஷ் ரப்பரில் மேலாக மெல்லிய வெடிப்பு தெரிவது வயதின் அடையாளம். ரப்பர் கிழிந்து இரும்பிலிருந்து பிரிந்திருந்தால், அல்லது கடப்பாரையால் நெம்பும்போது அளவுக்கு மீறி ஆடினால்தான் மாற்றவேண்டும். சஸ்பென்ஷன் மூட்டான பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் மூட்டான டை ராட் எண்ட் போன்றவற்றை நேரில் நின்று பார்ப்பதே நல்லது. வண்டி லிஃப்டில் இருக்கும்போது சக்கரத்தைக் கடிகார முகம் என்று வைத்துக்கொண்டு 12, 6 மணி இருக்கும் இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். 3, 9 மணி இடத்தில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் பக்கத்து மூட்டு. எந்த மூட்டு நகர்கிறது என்பதை இன்னொருவர் கை வைத்துக் காட்டலாம். ஆட்டம் இருந்தால் உங்களுக்கே தெரியும், யாரும் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் ஜாக்கி மட்டும் போட்டுக் காருக்கு அடியில் போய்ப் பார்க்கும் வேலை கண்டிப்பாகக் கூடாது.

டயருக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. பல நாடுகளில் சட்ட வரம்பு 1.6 மி.மீ.; பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடுகளின் மட்டத்துக்கு பட்டன் தேய்ந்துவிட்டால் முடிந்தது. மழைக்காலத்துக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம்.

பேட்டரியில்தான் நல்ல பேட்டரி அநியாயமாகத் தூக்கி எறியப்படுவது நடக்கிறது. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. குறுகிய தூரமே ஓட்டுபவர்களின் பேட்டரி எப்போதும் அரைகுறை சார்ஜில்தான் இருக்கும். சார்ஜ் இல்லாத பேட்டரி வேறு, கெட்டுப்போன பேட்டரி வேறு. முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். டெஸ்டர் அச்சடித்துத் தரும் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பேட்டரியின் ஸ்டிக்கரில் உள்ள குளிர்நிலை ஸ்டார்ட்டிங் ஆம்பியர் எண்ணும், சீட்டில் ‘ரேட்டட்’ என்று இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். டெஸ்டரில் அதைவிடப் பெரிய எண்ணைத் தட்டிவிட்டால் நல்ல பேட்டரிக்கும் ‘மாற்றவும்’ என்றே வரும்.

காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் வரும் எரர் கோடு எந்த இடத்தில் கோளாறு என்று காட்டும். எந்த பாகத்தை மாற்றவேண்டும் என்று சொல்லாது. பி0420 என்ற கோடு வந்தால் புகையைச் சுத்தமாக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்று பொருள். உடனே அந்த விலை உயர்ந்த பாகத்தை மாற்றச் சொல்வார்கள். புகைக்குழாயில் ஓட்டை, ஆக்சிஜன் சென்சார் கோளாறு இவற்றாலும் அதே எரர் கோடு வரலாம். ‘இவற்றைச் சோதித்துப் பார்த்தீர்களா, எப்படி?’ என்று கேட்டு, கோடுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக இஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன், பெட்ரோலில் ஊற்றும் திரவங்கள். இவை குறையே இல்லை, விற்பனைப் பொருள்கள். மேனுவலில் இல்லை, வண்டியில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் ‘வேண்டாம்ங்க’ என்ற ஒரே வார்த்தை போதும். ஐட்லிங் ஏறி இறங்குகிறது என்று நீங்களே புகார் சொல்லி, அதற்காக த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யச் சொன்னால் அது வேறு கதை.

சேர்த்துச் செய்யச் சொல்வதெல்லாம் ஏமாற்று அல்ல

ஒரு பக்க ஷாக் போனால் அதே அச்சில் இரண்டையும் மாற்றச் சொல்வது சரிதான். பிரேக் பேடும் அப்படியே. டை ராட் எண்ட் மாற்றினால் வீல் அலைன்மெண்ட் செய்தே ஆகவேண்டும். கிளட்ச் பிளேட்டுக்காக கியர்பாக்ஸை இறக்கும்போது பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து மாற்றுவது புத்திசாலித்தனம், இல்லாவிட்டால் அதே கூலியை மறுபடி கொடுக்கவேண்டி வரும். டைமிங் பெல்ட் கெடு வந்துவிட்டது என்றால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பல இஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சினே போய்விடும்.

ஐந்தாம் படி: எது இன்றைக்கு, எது அப்புறம்

வந்த பட்டியலில் பிரேக், ஸ்டியரிங், டயர், பெட்ரோல் அல்லது டீசல் கசிவு, சீட் பெல்ட், ஏர்பேக் விளக்கு இவற்றில் ஏதாவது வரம்பைத் தாண்டியிருந்தால் விலையைப் பற்றிப் பேசலாம், நாளைப் பற்றிப் பேசக்கூடாது. அந்த வண்டியை ஓட்டி இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதே ஆபத்து என்றால் அங்கேயே சரிசெய்துவிடுங்கள். மற்றவற்றுக்கு இரண்டு நாள் யோசிக்கலாம்.

வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சட்டப்படியான பரிசோதனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு விதி குறைகளைச் சிறியவை, பெரியவை, ஆபத்தானவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. பிரிட்டனிலும் 2018 மே முதல் இதே பிரிவுகள்தான். அதோடு ‘அட்வைசரி’ என்ற குறிப்பும் எழுதுவார்கள். அது ‘கவனித்துக்கொள்ளுங்கள்’ என்ற எச்சரிக்கை மட்டுமே, அதனால் வண்டி ஃபெயில் ஆகாது. அறிக்கையில் எந்தக் குறை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சரிசெய்யப் புறப்படவேண்டாம்.

ஃபெயில் தவறு என்று தோன்றினால் ரிப்பேர் செய்வதற்கு முன்பே மேல்முறையீடு செய்யவேண்டும். பிரிட்டனில் அதற்கு 14 வேலை நாள் கெடு. பாகத்தை மாற்றிய பிறகு பழையது நன்றாக இருந்ததா என்று யாராலும் சோதிக்க முடியாது.

ஆறாம் படி: இரண்டாவது கருத்து

இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதல் இடத்தில் சொன்னதை வாய் திறக்காதீர்கள். ‘முன்பக்க பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் அளந்து எழுதித் தாருங்கள்’ என்று மட்டும் சொல்லி, சோதனைக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். இலவச செக்கப்பில் செலவை யார் தலையில் கட்டுவார்கள் என்று யோசித்தால் புரியும். இரண்டாமவருக்கும் ஆசை உண்டு: முதலாமவர் சொன்னது தப்பு என்றால் புது வாடிக்கையாளர் கிடைப்பாரே. அதனால் ஒப்பிடவேண்டியது எண்களை. இரண்டு இடத்திலும் உள்பக்க பேட் 3 மி.மீ. என்றால் விஷயம் முடிந்தது.

ரிப்பேர் வேலையே எடுக்காத சோதனை மையம் இருந்தால் இன்னும் நல்லது. ஜெர்மனியில் கட்டாயப் பரிசோதனையைச் செய்வது டியூவ், டெக்ரா போன்ற தனி அமைப்புகள். பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் மையங்கள் சிலவற்றில் பொதுமக்களும் வண்டியைச் சோதிக்கலாம். குறை கண்டுபிடித்தால் அவர்களுக்கு லாபம் இல்லை.

ஏழாம் படி: பில் வந்த பிறகு

பில்லில் பாகம் தனியாக, கூலி தனியாக இருக்கவேண்டும்; பாகத்தின் எண்ணும் பிராண்டும் எழுதியிருக்கவேண்டும். பழைய பாகங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய பேடை நீங்களே ஸ்கேலில் அளக்கலாம். அலைன்மெண்ட் செய்திருந்தால் முன்பும் பின்பும் எடுத்த அளவுச் சீட்டு இருக்கும், கேளுங்கள். பிறகு ஜாப் கார்டில் எழுதிய அந்தச் சத்தம் போனதா என்று மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

கணக்கு இடித்தால் மேலாளரிடம் தனியாகப் பேசுங்கள். ‘ஏமாத்திட்டீங்க’ என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். ‘3 மி.மீ. என்று சொன்னீர்கள், பழைய பேட் 6 மி.மீ. இருக்கிறது, விளக்கம் வேண்டும்’ என்று கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். பதில் சரியில்லை என்றால் அதையே படங்களோடு எழுத்தில் அனுப்புங்கள். பிறகு நுகர்வோர் மன்றம் வரை போனாலும் இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

எண்களைக் குறித்து வைப்பது

ஒவ்வொரு சர்வீஸிலும் தேதி, ஓடோமீட்டர், நான்கு சக்கர பேட் தடிமன், டயர் பட்டன் ஆழம், பேட்டரி சீட்டு இவற்றை ஒரே நோட்டிலோ போனிலோ எழுதி வாருங்கள். இரண்டு மூன்று சர்வீஸ் ஆனதும் உங்கள் கார் எந்த வேகத்தில் தேய்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். போன சர்வீஸில் 7 மி.மீ. இருந்த உள்பக்க பேட், வெறும் 6,000 கி.மீ. ஓடியதற்குள் 3 மி.மீ. ஆகிவிட்டது என்று சொன்னால், ஒன்று அளவு தவறு, இல்லையென்றால் காலிப்பர் இறுகியிருக்கிறது. முதலில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு சரி என்றால் காலிப்பர் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லி, அதன் பிறகு பேடை மாற்றுங்கள். பேடை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வேகத்தில் தேய்ந்துவிடும்.